தடுப்பூசியும் இரண்டு நாள் கூலியும்



திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில், சின்னாளபட்டியைத் தொட்டாற்போல் இருக்கிறது காந்திகிராமம். விடியற்காலையில் இந்தப் பக்கம் நின்று பார்த்தால், நூற்பாலை வேன்கள் ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிச் செல்வதைக் காணலாம். 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இங்கு நடந்த ஓர் அன்பியக் கூட்டத்தில், இறைவார்த்தைப் பகிர்வு முடிந்த பின், ஒரு சகோதரி தயங்கித் தயங்கிப் பேசினார்.

"ஊசி போட்டாத்தான் வேன்ல ஏத்துவோம்னு சொன்னாங்க சாமி. போட்டேன். ரெண்டு நாள் காய்ச்சல், எழுந்திரிக்கவே முடியல. அந்த ரெண்டு நாளுக்கும் சம்பளத்தைப் பிடிச்சிட்டாங்க. போடச் சொன்னது அவங்க. காய்ச்சலும் எனக்கு, சம்பளம் போறதும் எனக்கா?"

பங்குத்தந்தை உட்பட எங்கள் யாரிடமும் அன்று பதில் இல்லை. 'காய்ச்சல் சரியாகிவிட்டதே, ஆண்டவருக்கு நன்றி' என்று சொல்லி, செபித்துக் கலைந்தோம். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விட்டு அகலவில்லை. தொற்றுக் காலம் கடந்துவிட்டது. பயமும் பதற்றமும் அடங்கிவிட்டன. நிதானமாகச் சிந்திக்க இதுவே ஏற்ற நேரம் என்று கருதி, சட்டம் என்ன சொல்கிறது, திருஅவை என்ன சொல்கிறது, நமது கடமை என்ன என்பதை இங்கே பகிர்ந்துகொள்கின்றோம்.

கட்டளையிட்டது யார்?

நமது அரசியலமைப்புச் சட்டத்தில் பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தொழிலாளர் நலனும், மாநிலம் விட்டு மாநிலம் பரவும் தொற்றுநோயைத் தடுப்பதும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. எனவேதான் கொரோனா காலத்தில் மத்திய அரசு ஒன்றையும் மாநில அரசுகள் வேறொன்றையும் சொல்வது போல நமக்குத் தோன்றியது.

தடுப்பூசி கட்டாயம் அல்ல, அவரவர் விருப்பம் என்பதே மத்திய அரசின் நிலைப்பாடு. 2021 ஏப்ரல் 11 முதல் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் ஊசி போட அனுமதி வழங்கப்பட்டபோதுகூட, தகுதியும் விருப்பமும் உள்ளவர்கள் சுமார் 100 பேர் இருக்கும் இடங்கள் என்றுதான் குறிப்பிட்டார்கள். 'விருப்பம்' என்ற அந்தச் சொல் முக்கியமானது.

தமிழ்நாட்டிலோ 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம் இருக்கிறது. சென்னை மாகாணமாக இருந்த காலத்தில் இயற்றப்பட்ட சட்டம் அது. கொள்ளைநோய்க் காலத்தில் தடுப்பூசியைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தை அதன் 76ஆவது பிரிவு அரசுக்கு வழங்குகிறது. 2021 நவம்பரில், பொது இடங்களுக்கு வருகிறவர்கள் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று நமது மாநிலத்தில் உத்தரவு வந்தது. அடுத்த மாதமே அண்டை மாவட்டமான மதுரையில், ஊசி போடாதவர்களுக்குக் கடைகளிலும் உணவகங்களிலும் அனுமதி இல்லை என்று அறிவித்தார்கள்.

ஆனால் நமது சகோதரியிடம் பேசியது மத்திய அரசும் அல்ல, மாநில அரசும் அல்ல. வேனின் கதவருகே நின்ற மேற்பார்வையாளர். எழுத்து மூலமான உத்தரவு எதுவும் அவர் கையில் இல்லை. 'போட்டால் வேலை, போடாவிட்டால் வீடு' என்று வாய்வார்த்தையாகச் சொன்னதுதான். ஏழைக்கு எந்தச் சட்டமும் இப்படி யாரோ ஒருவருடைய வாய் வழியாகத்தான் வந்து சேருகிறது.

நீதிமன்றங்கள் சொன்னது

2021 ஜூன் மாதத்தில் மேகாலயா உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. கடைக்காரர்களும் வாடகை வண்டி ஓட்டுநர்களும் ஊசி போட்ட பிறகே தொழில் செய்யலாம் என்று அங்கு உத்தரவுகள் வந்திருந்தன. வற்புறுத்தி ஊசி போடுவதும், அதற்காக ஒருவருடைய பிழைப்பைப் பறிப்பதும் அரசியலமைப்புக்கு ஏற்றதல்ல என்று அந்நீதிமன்றம் கூறியது. அதே வேளையில், மக்களுக்கு விளக்கிச் சொல்லி அவர்களை ஊக்கப்படுத்துவது அரசின் கடமை என்றும் எடுத்துரைத்தது.

இறுதியாக 2022 மே 2ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவர் ஜேக்கப் புளியேல் தொடுத்த வழக்கு அது. நமது தமிழக அரசின் உத்தரவும் அந்த வழக்கில் கேள்விக்கு உள்ளானது. நீதிபதிகள் நாகேஸ்வர ராவும் கவாயும் சொன்னதைச் சுருக்கமாக இப்படிக் கூறலாம்.

முதலாவது, ஒருவரது உடல் அவருடையது. அதன் மீதுள்ள உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு பாதுகாக்கும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும். எனவே யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது.

இரண்டாவது, சமுதாயத்தின் நலனுக்காக அரசு சில கட்டுப்பாடுகளை விதிக்கலாம். ஆனால் அதற்குச் சட்டத்தின் அடிப்படை வேண்டும், நியாயமான தேவை வேண்டும், கட்டுப்பாடு அந்தத் தேவையின் அளவை மீறாமலும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஊசி போட்டவரைவிடப் போடாதவரால் நோய் அதிகமாகப் பரவுகிறது என்பதற்கான தரவுகள் நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை. எனவே தொற்று குறைவாக இருக்கும்வரை இத்தகைய கட்டுப்பாடுகளைத் திரும்பப் பெற வேண்டும். தனியார் நிறுவனங்களும் கல்வி நிலையங்களும் தங்கள் உத்தரவுகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. உச்சநீதிமன்றம் தடுப்பூசியைக் குறை சொல்லவில்லை. அரசின் தடுப்பூசிக் கொள்கை நியாயமற்றது என்றும் சொல்லவில்லை. கொரோனாச் சூழலுக்கு மட்டுமே இத்தீர்ப்பு என்றும் தெளிவுபடுத்தியது. 'ஊசியே தேவையில்லை என்று கோர்ட்டு சொல்லிவிட்டது' என்று பேசுகிறவர்கள் தீர்ப்பின் பாதியை விட்டுவிடுகின்றார்கள்.

மற்ற நாடுகளிலும் இந்த இழுபறி இருந்தது. நியூயார்க் மாநகரில் 2021 டிசம்பர் முதல் தனியார் நிறுவனங்களின் பணியாளர்களுக்கும் ஊசி கட்டாயமாக்கப்பட்டு, 2022 நவம்பரில் அது கைவிடப்பட்டது. அதே அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் நேர் எதிர்த்திசையில் சென்றது. பணியாளரைக் கொரோனா ஊசி போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் தனியார் முதலாளிக்கு 50,000 டாலர் அபராதம் என்ற சட்டம் 2024 பிப்ரவரியில் அங்கு நடைமுறைக்கு வந்தது. ஒரே நாட்டில், மாநிலத்திற்கு மாநிலம் முதலாளியின் கடமையே தலைகீழாகிவிட்டது!

இரண்டு நாள் கூலி எங்கே விழுந்தது?

இப்போது நமது சகோதரியின் கேள்விக்கு வருவோம். முதலாளியின் கட்டளையால் போட்டுக்கொண்ட ஊசி தொழிலாளிக்குத் தீங்கு செய்தால் பொறுப்பு யாருடையது?

2021இல் இதற்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். மற்றொன்று, 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம். வேலையின் காரணமாகவும், வேலையின்போதும் ஏற்படும் விபத்துக் காயத்திற்கு இழப்பீடு உண்டு என்பதே இவ்விரண்டின் அடிப்படை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. பொருந்தியது. அதில் சேர்ந்தவர் அத்தகைய காயத்திற்கு முதலாளியிடம் அல்ல, இ.எஸ்.ஐ.யிடமே இழப்பீடு பெற வேண்டும்.

ஊசியைப் போடச் சொன்னது நிறுவனம், போட்ட இடமும் நிறுவனம், போடாவிட்டால் வேலை இல்லை என்றால், அதனால் வந்த பெரிய பாதிப்பை 'வேலையின் காரணமாக' வந்தது என்று வாதிட இடமுண்டு. ஆனால் பாதிப்புக்கு ஊசிதான் காரணம் என்றும், ஊசிக்கு வேலைதான் காரணம் என்றும் எண்பிக்கும் சுமை பெரும்பாலும் தொழிலாளியின் தோளில்தான் விழுகிறது. இதனால்தான் வாய்வார்த்தைக் கட்டளை ஆபத்தானது. எழுத்தில் உத்தரவு இல்லை என்றால், 'நாங்கள் கட்டாயப்படுத்தவே இல்லையே' என்று சொல்லிவிடலாம்.

நாட்டளவிலும் இதே வாதம் எழுந்தது. கொரோனா ஊசிக்குப் பின் இறந்துபோன இரண்டு இளம்பெண்களின் பெற்றோர் உச்சநீதிமன்றத்தை அணுகினார்கள். ஊசி போடுவது விருப்பத்தைப் பொறுத்தது, எனவே அரசு இழப்பீட்டிற்குப் பொறுப்பாகாது என்று 2022 நவம்பரில் மத்திய அரசு பதில் மனு தாக்கல் செய்தது. விருப்பம் என்று மேலிருந்து சொல்கிறார்கள். கட்டாயம் என்று வாசலில் சொல்கிறார்கள். நடுவில் நிற்பவர் யாரிடம் போவார்?

நமது சகோதரிக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல். ஊசி போட்ட பலருக்கும் வந்து, ஓரிரு நாளில் தானாகப் போய்விடும் காய்ச்சல். மரணம் போன்ற கடுமையான பாதிப்புகள் மிக அரிதானவை என்பதையும், ஊசி எண்ணற்ற உயிர்களைக் காத்தது என்பதையும் நாம் நேர்மையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆயினும் அந்தச் சிறிய காய்ச்சலைச் சட்டத்தின் முன் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

இழப்பீட்டுச் சட்டத்தின்படி, மூன்று நாள்களுக்கு மேல் வேலை செய்ய இயலாமல் போனால்தான் முதலாளிக்குப் பொறுப்பு. இ.எஸ்.ஐ.யில் வேலைக் காயத்திற்கான உதவித்தொகைக்கும் குறைந்தது மூன்று நாள் இயலாமை வேண்டும். சரி, சாதாரண நோய்க்கான உதவித்தொகையாவது கிடைக்குமா என்றால், பொதுவாக நோயின் முதல் இரண்டு நாள்களுக்கு அதுவும் இல்லை.

இரண்டு நாள்! நமது சகோதரி இழந்தது சரியாக அந்த இரண்டு நாள்தான். சட்டம் அவருடைய உயிருக்கு விலை வைத்திருந்தது, கைகாலுக்கு விலை வைத்திருந்தது. அவருடைய இரண்டு நாள் கூலிக்கு மட்டும் சட்டத்தில் இடமில்லை. அந்தக் கூலியை நம்பித்தான் அந்த வாரத்து அரிசியும் பருப்பும் இருந்தன என்பது சட்டத்திற்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது மனிதருக்கு.

2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டங்களின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. மூன்று நாள் என்ற அந்த வரம்பு முதலாளியின் இழப்பீட்டுப் பொறுப்பில் அப்படியே தொடர்கிறது. ஆனால் அதே நாளில் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதாரச் சட்டத் தொகுப்பு நல்லதொரு விதியைச் சொல்கிறது. பணியிடத்தின் பாதுகாப்புக்காகவும் சுகாதாரத்திற்காகவும் செய்யப்படும் எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பதே அது. ஊசியின் விலையைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பது இந்த விதியின் நோக்கத்திற்கே எதிரானது.

திருஅவையின் குரல்

தடுப்பூசி பற்றி விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பர் 21 அன்று ஒரு குறிப்பை வெளியிட்டது. கருக்கலைப்புச் செய்யப்பட்ட கருவிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட உயிரணுக்களைப் பயன்படுத்தி உருவான ஊசிகளைப் போடலாமா என்று அப்போது பலர் கலங்கினார்கள். நமது ஊரில் போட்ட கோவிஷீல்டு அத்தகைய உயிரணு வரிசையைப் பயன்படுத்தியது. கோவாக்சின் அப்படிப்பட்டதல்ல. வேறு வழி இல்லாத சூழலில் அத்தகைய ஊசியையும் நன்மனத்தோடு போட்டுக்கொள்ளலாம், அது கருக்கலைப்பை ஏற்றுக்கொண்டதாகாது என்று பேராயம் தெளிவுபடுத்தியது.

அதே குறிப்பு மேலும் இரண்டு உண்மைகளைச் சொன்னது. பொதுவாகத் தடுப்பூசி போடுவது ஓர் அறநெறிக் கட்டாயம் அல்ல, எனவே அது விருப்பத்தின் பேரில் அமைய வேண்டும். ஆனால் மனச்சான்றின் பொருட்டு மறுப்பவர், தம்மால் பிறருக்கு, குறிப்பாக எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு, நோய் பரவாதபடி எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும். உரிமை ஒரு கை என்றால் கடமை மறு கை. திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஆகஸ்டில் ஊசி போட்டுக்கொள்வதை ஓர் அன்புச் செயல் என்று அழைத்தார். அன்புச் செயலைக் கழுத்தைப் பிடித்துச் செய்விக்க முடியுமா? பிறர்மீது அன்பு இருந்தால் அதைத் தட்டிக்கழிக்கத்தான் முடியுமா?

நாம் நேர்மையாக இருக்க வேண்டும். வத்திக்கானும் ஒரு முதலாளிதான். தகுந்த உடல்நலக் காரணமின்றி ஊசியை மறுக்கும் பணியாளர் வேலையை இழக்கவும் நேரிடலாம் என்று 2021 பிப்ரவரி 8ஆம் நாளிட்ட வத்திக்கான் நகர ஆணை ஒன்று கூறியது. விமர்சனம் எழவே, தண்டிப்பது நோக்கமல்ல என்று சில நாள்களில் விளக்கம் தரப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஊசி போட மறுத்த சுவிஸ் காவலர்கள் மூவர் பணியை விட்டுச் சென்றார்கள். இருப்பினும் அந்த ஆணையில் நாம் கற்க வேண்டிய ஒன்று உண்டு. உடல்நலக் காரணத்தால் ஊசி போட இயலாதவருக்கு வேறு வேலை தரலாம், ஆனால் அவரது ஊதியம் குறையக் கூடாது என்றது அது.

காந்திகிராமத்தில் வாழும் நமக்கு இன்னொரு நினைவும் வருகிறது. காந்தியடிகள் தடுப்பூசியை நம்பாதவர். அம்மைக் குத்தலை எதிர்த்து எழுதியவர். 1930இல் சபர்மதி ஆசிரமத்தில் பெரியம்மையால் குழந்தைகள் இறந்தபோது அவர் மிகவும் வேதனைப்பட்டார். ஆயினும் தம் கருத்தை மற்றவர்மேல் திணிக்கவில்லை, ஊசி போட விரும்பியவர்களைத் தடுக்கவும் இல்லை. அந்தக் கருத்தில் அவர் தவறினார் என்பதை வரலாறு காட்டிவிட்டது. பெரியம்மையை உலகிலிருந்து ஒழித்ததே தடுப்பூசிதான். அவருடைய பெயர் தாங்கி 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கிய சௌந்தரம் அம்மையார் ஒரு மருத்துவர். அங்குள்ள கஸ்தூரிபா மருத்துவமனையும், 1964 முதல் இயங்கும் ஊரக சுகாதார நிறுவனமும் நவீன மருத்துவத்தின் வழியில்தான் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் தொண்டு செய்கின்றன. காந்தியடிகளின் கருத்தை அவருடைய பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். வற்புறுத்தாமல் எடுத்துச் சொல்லும் அவரது பண்பையோ நாம் அனைவரும் கற்றுக்கொள்ளலாம்.

நமது நிறுவனங்களுக்கு

இது பழைய கதை என்று யாரும் எண்ண வேண்டாம். நமது மறைமாவட்டங்களிலும் துறவற சபைகளிலும் மருத்துவமனைகள் இருக்கின்றன, விடுதிகள் இருக்கின்றன, சமையற்கூடங்கள் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கழிவைக் கையாளும் பணியாளர்களுக்கு மஞ்சள் காமாலை 'பி' வகை, இரணஜன்னி ஆகியவற்றுக்கான தடுப்பூசி போடுவது நிர்வாகத்தின் பொறுப்பு. உணவு தயாரிப்பவர்களுக்கு டைபாய்டு போன்ற குடல் நோய்களுக்கான ஊசி வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. குப்பை வாளிக்குள் கிடக்கும் ஊசி முனை துப்புரவுப் பணியாளரின் கையில் குத்தும்போது, முன்பே போட்ட தடுப்பூசிதான் அவருக்குக் கவசம். இங்கு ஊசி போடாமல் விடுவதுதான் அநீதி.

ஆகவே கேள்வி 'ஊசி வேண்டுமா, வேண்டாமா' என்பதல்ல. சொல்பவர் சுமக்கிறாரா என்பதே கேள்வி. ஒரு நிர்வாகம் ஊசி போடச் சொன்னால் அதற்கான காரணத்தைத் தொழிலாளியின் மொழியில் விளக்கட்டும். கட்டளை என்றால் எழுத்தில் தரட்டும். செலவைத் தானே ஏற்கட்டும். ஒவ்வாமை உள்ளவர், கர்ப்பிணி, நோயாளி ஆகியோர் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுக்க நேரம் தரட்டும். மனச்சான்றின் பேரில் மறுப்பவருக்கு, பிறருக்கு ஆபத்தில்லாத வேறு வேலை தர முடியுமா என்று முதலில் பார்க்கட்டும். ஊசிக்குப் பின் காய்ச்சல் வந்தால் அந்த இரண்டு நாளைச் சம்பளத்தோடு கூடிய விடுப்பாக எழுதட்டும். இவற்றில் சில சட்டத்தில் இல்லை. நீதியில் இருக்கின்றன.

தொழிலாளிக்கும் ஒரு சொல். ஊசி போட்ட நாள், இடம், சான்றிதழ், மருத்துவரின் சீட்டு ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். உடலுக்கு ஏதேனும் செய்தால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனையில் தெரிவித்துப் பதிவு செய்யுங்கள். வதந்தியைக் கேட்டு ஊசியை மறுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.

தாங்க முடியாத சுமைகளை மக்களின் தோளில் ஏற்றிவிட்டு, தாங்கள் ஒரு விரலாலும் அதைத் தொடாதவர்களை ஆண்டவர் இயேசு கடிந்துகொண்டதை மத்தேயு நற்செய்தியில் வாசிக்கின்றோம் (மத் 23:4). சுமை கொடுத்ததை மட்டும் அவர் கண்டிக்கவில்லை. கூடச் சுமக்காமல் நின்றதையே கண்டித்தார். தொழிலாளருக்குத் தராமல் பிடித்துவைத்த கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று எச்சரிக்கிறார் யாக்கோபு (யாக் 5:4). அது எத்தனை நாள் கூலி என்று அவர் கணக்குச் சொல்லவில்லை. இரண்டு நாள் கூலிக்கும் குரல் உண்டு. அன்று அன்பியக் கூட்டத்தில் நாங்கள் கேட்டது அந்தக் குரலைத்தான் என்பது பிறகே எங்களுக்குப் புரிந்தது.

சிந்தனைக்கு:

நமது வீட்டில் வேலை செய்பவர் நோயுற்று வராத நாளுக்கு நாம் சம்பளத்தைப் பிடிக்கின்றோமா?

நமது பங்கிலும் பள்ளியிலும் பணிபுரிபவர்களுக்கு நாம் இடும் கட்டளைகளின் சுமையை நாமும் சேர்ந்து சுமக்கின்றோமா?

செபிப்போம்:

தச்சரின் மகனாக வளர்ந்து உழைப்பின் வியர்வையை அறிந்த இயேசுவே, உழைப்பவர்களின் உடலையும் மனச்சான்றையும் மதிக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். பிறருடைய நலனுக்காகச் சிறு துன்பத்தை ஏற்கும் அன்பையும், அத்துன்பத்தை ஏற்றவர்களைத் தனியே விடாத நீதியையும் எங்களுக்குத் தந்தருளும். ஆமென்.